ஞாயிறு கோரை பிடுங்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏரிக் குழு நண்பர்களே,

வணக்கம். இதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டால் நடுவில் நாலு காலை வணக்கப் படமும் ஒரு தண்ணீர் லாரிக்காரர் நம்பரும் வந்து விழுந்து, சொல்ல வந்தது அடியில் போய்விடும். அதனால்தான் மடல். இதையே சுருக்கிக் கன்னடத்தில் எழுதி, ஏரிக்குப் பொறுப்பான பொறியாளரிடம் போன வாரமே கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா பிழை திருத்தித் தந்தார். உங்களுக்குத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பாதிப் பேர் கோரைப் பாயில் படுத்து வளர்ந்தவர்கள். பொறியாளருக்கு ஒன்றரைப் பக்கம் விளக்க வேண்டியிருந்ததை உங்களுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

வருகிற ஞாயிறு நாம் பிடுங்கப் போவதாக அறிவித்திருக்கும் 'களை', கோரை.

அறிவிப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "ராஜகாலுவை ஏரியில் சேரும் இடத்தில் மண்டிக் கிடக்கும் களைகளை வேரோடு அகற்றுதல். கையுறை, தொப்பி கொண்டு வரவும். காலை டிபன் உண்டு." (ராஜகாலுவை என்பது இங்கே மழைநீர் ஓடும் பெரிய வாய்க்கால்.) டிபன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 'வேரோடு' தான் உறுத்துகிறது. கோரையை அறுப்பது வேறு, தோண்டுவது வேறு. அறுத்தால் ஆறு மாதத்தில் பழைய உயரத்துக்கு வந்து நிற்கும். கிழங்கோடு தோண்டி, அது பிடித்து வைத்திருக்கும் சேற்றையும் வாரிவிட்டால், போனது போனதுதான்.

இதைச் சொல்ல இவள் யார் என்று கேட்பீர்கள். நான் தாவரவியல் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பெங்களூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். ஆனால் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், காவிரிக் கரையில், கோரை போட்ட வீட்டில் பிறந்தவள். கரூர், பரமத்தி வேலூர், முசிறி என்று ஆற்றோரமாகப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும்: வாழை வரும், வெற்றிலைக் கொடிக்கால் வரும், இடையிடையே ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை, காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு நிற்கும். அது கோரை. ஒருமுறை கிழங்கு நட்டால் பல வருடத்துக்கு மறுநடவு கிடையாது. வருடத்துக்கு இரண்டு அறுப்பு. தரையோடு ஒட்ட அறுத்து, உதறி, நீளம் வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டி, களத்தில் விசிறி மாதிரி விரித்துக் காயப் போடுவார்கள். வெயில் ஏற ஏறப் பச்சை இறங்கி, வைக்கோலுக்கும் சந்தனத்துக்கும் நடுவில் ஒரு நிறம் வரும். வானம் கறுத்தால் வீட்டில் இருக்கிற எல்லோரும் களத்துக்கு ஓட வேண்டும். நனைந்த கோரை கறுத்துவிடும். கறுத்த கோரையை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். என் கல்லூரிக் கட்டணம், அக்கா கல்யாணம், வீட்டுக்குப் போட்ட ஓடு, எல்லாம் அந்தக் கட்டுகளில் இருந்து வந்தவை.

அப்பா போன ஆடியில் இங்கே வந்திருந்தார். பெங்களூரில் அவருக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை, காபி தவிர. காலை நடைக்கு ஏரிக்குக் கூட்டிப் போனேன். பாதி தூரம் பேசாமல் வந்தவர், ராஜகாலுவை சேரும் முனையில் நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி, இதப் பாக்கவா முந்நூறு கிலோமீட்டரு பஸ் ஏறி வந்தேன்?"

வேலிக் கம்பிக்குள் கையை விட்டு ஒரு தண்டை ஒடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். "கணு இல்ல. மூணு மூல இருக்குது. நம்ம இனந்தான்." பாய்க்கோரையா என்று கேட்டேன். நகத்தால் கீறிப் பார்த்தார், நீளம் பார்த்தார், பிறகு கரையை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாலஞ்சு வக கலந்து கெடக்குது. பாய்க்கு ஆகறதும் இருக்குது, ஆகாததும் இருக்குது. எல்லாமே கோரைதான்."

அந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், நடுநடுவே கணு வரும், பெரும்பாலும் உள்ளே கூடு. கோரைத் தண்டை உருட்டினால் விரலில் மூன்று விளிம்பு தட்டும். அடியிலிருந்து பூக்கொத்து வரை ஒரு கணு இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போகும். அந்த ஓட்டத்தால்தான் அது பாய்க்கு ஆகிறது. கணு இருந்தால் முதுகு தாங்குமா? (உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.) ஒடித்த இடத்தைப் பாருங்கள். பச்சைத் தோலுக்குள் வெள்ளைப் பஞ்சு. அமுக்கினால் அமுங்கி மெல்ல எழும். அந்தப் பஞ்சுக்குப் பிறகு வருகிறேன்.

கோரை என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் நினைப்பது வேறொன்றை: புல்தரையில் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்து, பிடுங்கினால் இழை அறுந்து கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வருமே, கறுப்பு மணி மணியாக, அது. அதன் அறிவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ். உலகத்தின் மிக மோசமான களைகளில் ஒன்று என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதே கிழங்கை நலங்கு மாவில் சேர்த்து அரைத்துக் குழந்தைக்குப் பூசிக் குளிப்பாட்டுகிறோம் என்பது தனிக் கதை. கோரைக் குடும்பத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 5,500 இனங்கள். எகிப்தில் எழுதுவதற்குத் தாள் செய்த பாப்பிரஸும் இதே குடும்பம்தான். அதில் ஒரு பிள்ளை ஊர் வம்பு இழுத்தான் என்பதற்காக மொத்த வீட்டையும் காலி செய்யச் சொல்வது என்ன நியாயம்?

நம் கிளப்ஹவுஸ் நீரூற்றைச் சுற்றி நர்சரியில் வாங்கி வைத்திருக்கிறோமே, குடைக்கம்பி மாதிரி இலை விரிந்த செடி, 'அம்ப்ரெல்லா பாம்' என்று பில்லில் போட்டிருந்தது. அது பனையும் இல்லை பாமும் இல்லை. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் பிறந்த ஒரு கோரை. அதற்கு வாரத்துக்கு இரண்டு நாள் உரமும் தண்ணீரும் விட ஆள் வைத்திருக்கிறோம். அதன் சொந்தத் தங்கை, இந்த மண்ணிலேயே பிறந்தவள், ஐந்நூறு அடி தள்ளி ஏரியோரம் யாரும் கேட்காமல் நிற்கிறாள். அவளைப் பிடுங்க ஞாயிறு காலை கூட்டம் போடுகிறோம். பழைய தமிழ்ப் பாடல்களில் கோரைக்குச் 'சாய்' என்று பெயர். சிறுமிகள் அதை முடைந்து பொம்மை செய்து விளையாடியிருக்கிறார்கள்; 'பைஞ்சாய்ப் பாவை' என்பது அந்தப் பொம்மை. அவ்வளவு நாளாக நம்மோடு இருக்கும் செடி.

களை வேண்டுமா, காட்டுகிறேன். மதகுப் பக்கம் ஊதாப் பூவோடு மிதக்கிறதே ஆகாயத்தாமரை, அது தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதன் பக்கத்தில் சிறிய வெள்ளைப் பூவும் தடித்த தண்டுமாகத் தண்ணீர்மேல் பாய் விரிக்கும் அலிகேட்டர் வீட், அதுவும் அங்கிருந்துதான். இரண்டையும் எத்தனை டிராக்டர் அள்ளினாலும் முதல் ஆளாக நான் சேற்றில் இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கேயே வேலை போதும் போதும் என்றிருக்கும்.

இப்போது அந்த முனைக்கு வாருங்கள். கோரை ஏன் அங்கே நிற்கிறது?

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. ஊர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெய்த மழை ஹெப்பாள் பக்கம், கோரமங்கலா-சல்லகட்டா பக்கம், விருஷபாவதி பக்கம் என்று மூன்று பள்ளத்தாக்குகளில் சரிகிறது. அந்தச் சரிவுகளில் குறுக்கே கரை போட்டு, ஒன்று நிரம்பினால் கோடி வழியாக அடுத்ததுக்குப் போகிற மாதிரி ஏரிகளைக் கோத்தார்கள். பழைய ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், வில் மாதிரி. எதிர்ப்பக்கம் கரையே இருக்காது. தண்ணீர் மெல்லிதாகி மெல்லிதாகி, எங்கே நிலம் ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் முடிந்துபோகும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், கோடையில் ஈரச் சேறு. ஆகாயத்தாமரை மாதிரி மிதந்து திரிகிற செடி இல்லை கோரை, ஆழத்திலும் நிற்காது. அதற்கு அந்த இரண்டும் கெட்டான் இடம்தான் வேண்டும். நம் ஏரியில் அப்படிப்பட்ட இடம் ராஜகாலுவை சேரும் முனை ஒன்றுதான் மிச்சம்.

மற்ற பக்கமெல்லாம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேற்குக் கரையில் மண் வாரும் ஹிட்டாச்சி இயந்திரம் இறங்கியது. எஸ்டிமேட்டில் 'களை அகற்றல்' சதுர மீட்டர் கணக்கில் இருந்தது. சதுர மீட்டருக்குக் காசு என்றால் எந்த ஒப்பந்தக்காரர் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் வித்தியாசம் பார்ப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, காகிதத்தில் அப்படி எழுதியிருந்தது. மூன்று நாளில் கரை வழித்துவிட்ட இலை மாதிரி ஆயிற்று. அப்புறம் சுற்றுக்கரை, சரிவாகக் கல் பதிப்பு, மேலே நடைபாதை, பெஞ்சு. பெஞ்சில் நானும் உட்காருகிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏரி தாம்பாளமாக இருந்தது, அண்டாவாகிவிட்டது. கல்லில் இருந்து கால் வைத்தால் நேரே ஆழம். அங்கே ஒரு கோரைக் கிழங்கு வேர் பிடிக்க விரற்கடை இடம் இல்லை. அந்த வருடம் மழைக்கு மேற்குப் பக்கம் தவளைச் சத்தமே கேட்கவில்லை. நடைபாதையில் போகும் எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு போவதால் அதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் பெரிய மழை விட்டதும் ராஜகாலுவைப் பாலத்தில் போய் நின்றேன். தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில் பாய்ந்து வந்தது. பால் பாக்கெட்டு, தெர்மோகோல் தட்டு, ஒற்றைச் செருப்பு, ஒரு பிளாஸ்டிக் விநாயகர், எல்லாம் மிதந்து வந்தன. கோரைக்குள் நுழைந்த இடத்தில் அந்த வேகம் செத்துவிட்டது. அவ்வளவு தண்ணீரும் ஆயிரம் தண்டுக்கு நடுவில் ஆயிரம் இழையாகப் பிரிந்து, வழி கேட்டுக்கொண்டு போவது மாதிரிப் போனது. குப்பை முதல் பத்தடியிலேயே மாட்டிக்கொண்டது. வண்டல் கீழே உட்கார்ந்தது. மறுமுனையில் வெளியே வந்த தண்ணீர் சுக்குக் காப்பியாக இல்லை, வடித்த கஞ்சி மாதிரி இருந்தது. குடிக்கலாம் என்று சொல்லவில்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வேலை கீழே நடக்கிறது. அதற்குத்தான் அந்தப் பஞ்சு. ஏரிச் சேற்றில் காற்று இல்லை. அதனால்தான் கறுப்பாக இருக்கிறது, முட்டை அழுகிய நாற்றம் அடிக்கிறது. கோரை தண்டின் பஞ்சு வழியாக மேல் காற்றை வேருக்கு இறக்குகிறது. கொஞ்சம் வேரில் இருந்து சேற்றுக்குள்ளும் கசிகிறது. சாய்ந்து பிடுங்கப்பட்டுக் கிடக்கும் ஒரு தண்டை எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கறுப்புச் சேற்றுக்குள் இருந்த வேர், மேலே செம்மண் பூசினது மாதிரி இருக்கும். துரு. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு, வேர் விட்ட காற்றுப் பட்டுத் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அந்தத் துரு நிறம் இருக்கிற இடம் வரைக்கும் காற்று போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சாக்கடையின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. இரண்டு விரல் தள்ளி, காற்றில்லாத இடத்தில் இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை.

போன கூட்டத்தில் மிதக்கும் தீவுகளுக்குக் கொட்டேஷன் வாசித்தோம். பிவிசி குழாய், வலை, அதன்மேல் கல்வாழையும் வெட்டிவேரும். தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம். செய்யட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே ஐந்து நிமிடம் கழித்து, அதே வேலையைச் சும்மா செய்துகொண்டிருக்கிற கோரையைப் பிடுங்கத் தீர்மானம் போட்டோம். கணக்கு எழுதுகிறவளுக்கு இது தாங்கவில்லை. ஜக்கூர் ஏரிக்கு ஒரு நாள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் அங்கே நேரே ஏரியில் விழுவதில்லை. சம்பு என்கிற நாணல் மாதிரிச் செடியும் மற்றச் செடிகளும் அடர்ந்த சதுப்பு ஒன்றில் பரவி, அதைத் தாண்டித்தான் ஏரிக்குள் போகிறது. ஏரிக்காரர்கள் பார்க்கப் போகிற இடமாகவே அது ஆகிவிட்டது.

இன்னொன்று. இது கூடு கட்டும் மாதம். பாலத்தில் இருந்து பைனாகுலரில் பார்த்தால், உள்ளே இருபதடி தள்ளி, கோரைத் தண்டுகளை நாலு பக்கமும் மடக்கி நடுவில் ஒரு தட்டு. அதில் நீலத் தாழைக்கோழி உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்து போன நேரத்தில் எண்ணினேன், நாலு முட்டை. மங்கலான சாம்பல் மஞ்சளில் பழுப்புப் புள்ளி. அதன் ஜோடி பக்கத்திலேயே ஒற்றைக் காலில் ஒரு தண்டைப் பிடித்து, தோலை உரித்து, அடிக்குருத்தைக் கரும்பு தின்கிற மாதிரித் தின்றுகொண்டிருந்தது. ஞாயிறு நாற்பது பேர் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தத் தட்டு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் பயங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. முதல் பயம் தீ. பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம், புகை வீட்டுக்குள் வந்தது. காய்ந்த செடி எரியும், மறுக்க முடியாது. காய விடுவதுதான் தப்பு. எங்கள் ஊரில் கோரை எரிந்ததில்லை, ஏனென்றால் காய்ந்து நிற்கும் வரைக்கும் யாரும் அதை விட்டு வைப்பதில்லை, அறுத்துவிடுவார்கள். குப்பையைக் கொண்டுவந்து கரையில் கொட்டிக் கொளுத்துகிறவர்களை நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை, அதற்கும் ஒரு ஞாயிறு வேண்டும்.

பாம்பு உண்டு. பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, விஷம் கிடையாது, தவளை பிடிக்க வருகிறது. கொசு, தேங்கின சாக்கடையில் வளர்கிறது. அடர்ந்து அடைத்துக்கொண்ட கோரைக்குள்ளும் வளரும்; மீனும் தட்டான் குஞ்சும் உள்ளே போய்வர வழி இருந்தால் குறையும். அதற்கும் மருந்து அறுப்புதான், நடுநடுவே வாய்க்கால் விட்டு அறுப்பது.

அறுக்காமல் விடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கோரை சாக்கடைச் சத்தை உறிஞ்சித் தண்டில் வைத்துக்கொள்கிறது. அறுத்து வெளியே கொண்டுபோனால் அந்தச் சத்து ஏரியை விட்டுப் போகிறது. அறுக்காமல் விட்டால் சாய்ந்து அழுகி, வாங்கியதைத் திரும்ப ஏரிக்கே கொடுத்துவிடும். தொடவே கூடாத சாமிச் செடி இல்லை இது. காலம் பார்த்து அறுக்க வேண்டிய பயிர்.

இதை நமக்கு முன்னால் புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். வேலி போடுவதற்கு முன் தினமும் காலையில் தலையில் சாக்கோடு வருவாரே, மாட்டுக்குப் புல் அறுக்கிற அம்மா. பாதி கன்னடம் பாதி தமிழ். கோரை முற்றினால் மாடு தின்னாது, இளசைத்தான் கடிக்கும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். "ஜொண்டு தும்ப ஜாஸ்தி ஆயித்து" (கோரை ரொம்ப அதிகமாகிவிட்டது) என்று திட்டிக்கொண்டே, புல்லுக்கு வழி பண்ணிக்கொள்ள முற்றினதை அறுத்துக் கரையில் போட்டுவிட்டுப் போவார். யாரும் சம்பளம் கொடுக்காமல் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டவர். வேலியும் வாசலில் காவலாளியும் வந்த பிறகு அவருக்கு உள்ளே வர வழி இல்லை. அதன் பிறகுதான் நமக்குக் கோரை 'மண்டிவிட்டதாக' தோன்ற ஆரம்பித்தது. தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெள்ளந்தூர், வர்த்தூர், அங்கிருந்து தட்சிண பினாகினி. பேரைத் தமிழில் சொன்னால் தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படம் வருடா வருடம் செய்தியில் வரும்போது, நம் குழுவில் யாராவது "ஐயோ பாவம்" என்று போடுகிறோம். அந்த நுரையில் நம் வாஷிங் மெஷினும் இருக்கிறது. கெலவரப்பள்ளிக்கு அப்புறம் கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வழியில் சொந்த ஊர் என்று கை தூக்கச் சொன்னால் ஒரு மேசைக்கு ஆள் சேரும். நம் முனையில் நிற்கும் கோரை அந்த மொத்தச் சாக்கடையையும் வடிகட்டிவிடும் என்று கதை விட மாட்டேன். அது ஒரு ஓரம், ஒரு கைப்பிடி. இருக்கிற கைப்பிடியையும் நாமே பிடுங்க வேண்டாம் என்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு இறங்குவதற்கு முன்னால் என்னோடு ஒரு சுற்று வாருங்கள், கோரை நிற்கும் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிவிடுவோம். கயிற்றுக்கு உள்ளே இந்த மழைக்காலம் முடியும்வரை யாரும் கால் வைக்க வேண்டாம். மாட்டிய பிளாஸ்டிக்கைப் பாலத்தில் இருந்தும் கரையில் இருந்தும் கொக்கிக் கழியால் எடுக்கலாம். தை பிறந்து, குஞ்சுகள் பெரிதாகி, தண்ணீர் இறங்கின பிறகு பாதியை அறுப்போம், பாதியை அடுத்த தைக்கு விடுவோம். வலசை வந்த பறவைகளுக்கு ஒதுங்க அந்த மறுபாதி இருக்கட்டும். அரிவாளால், தரைக்கு ஒரு சாண் மேலே, இயந்திரம் வேண்டாம். அறுத்ததை ஏரிக்குள் போட்டுவிட்டு வராமல் வெளியே எடுத்துப் போக வேண்டும். அதில் பாய் முடைந்து படுக்கலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம், சாக்கடையில் வளர்ந்தது. நம் பூச்செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம், மட்க வைக்கலாம். புல் அறுக்கிற அம்மாவுக்கும் அவர் மாதிரி வருகிறவர்களுக்கும் காலை ஏழு மணி வரை வடக்கு வாசலைத் திறந்து விடலாம். சாவி குழுவிடம்தான் இருக்கிறது. பொறியாளரிடம் நம் குழு கையெழுத்தோடு ஒரே ஒரு திருத்தம் கேட்க வேண்டும்: அடுத்த கட்ட எஸ்டிமேட்டில் அந்த முனைக்குச் சுற்றுக்கரையும் கல் பதிப்பும் வேண்டாம், சரிவு இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். கன்னட மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட அதையும் கொண்டு வருகிறேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "தை அறுப்புக்கு நானே வாரேன், அங்க யாருக்கு அருவா புடிக்கத் தெரியும்?" என்றார். உண்மைதானே. யாருக்காவது தெரிந்தால் பேர் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வந்து எல்லோரையும் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ராஜகாலுவைப் பாலத்தில் நிற்பேன். கயிறு என்னிடம் இருக்கிறது, குச்சி பத்து வேண்டும். யாரிடமாவது எட்டாம் நம்பர் ரப்பர் பூட்ஸ் கூடுதலாக இருந்தால் எடுத்து வாருங்கள். என்னுடையதில் வலது கால் ஓட்டை.

அன்புடன்,
பி பிளாக்கில் இருந்து, கணக்கு எழுதும் அக்கா